உலை ஒன்று, பங்கு வேறு

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளுக்குப் பின்னால் ஓர் இலக்கணம் இருக்கிறது. ஒன்றாக வசித்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ரத்த உறவு இருந்தாக வேண்டும் என்றுகூட அதில் கட்டாயம் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அடுப்பு இரண்டு என்றால் கணக்கில் அது இரண்டு குடும்பம். ரேஷன் கார்டைத் தனியாகப் பிரித்துக் கேட்டவர் வீட்டுக்கு விசாரணைக்கு வரும் அலுவலர், சமையல் தனியாக நடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதும் இதே கணக்கில்தான்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால், பிறந்து வளர்ந்த வீட்டை விற்க முடிவெடுத்த குடும்பங்களில் வினோதமான ஒன்று நடக்கிறது. சென்னையில் ஒரு கார்டு, கோவையில் ஒரு கார்டு, பெங்களூரில் ஒரு வாடகை ஒப்பந்தம் என்று பல காலமாகத் தனித்தனிக் குடும்பமாக இருந்தவர்கள், வீட்டைக் காலி செய்யும் சில வாரங்களுக்கு மட்டும் சனிக்கிழமை காலை வந்திறங்கி, ஞாயிறு மாலை பஸ் ஏறும்வரை ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடுகிறார்கள். சொத்து பிரியப்போகிற நேரத்தில் உலை சேர்கிறது. அதுவும் விருந்துச் சாப்பாடு இல்லை. உப்புமா, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், ஊறுகாய், மெஸ்ஸிலிருந்து வாங்கிய பொட்டலம், அவ்வளவுதான். வீட்டு விற்பனை என்றால் எல்லாரும் விலையையும் பத்திரத்தையும் வரியையும் பேசுவார்கள். அந்த உப்புமாவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. அந்த வாரங்களில் என்ன சமைக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள் என்று பார்த்தால், பங்கு பேச்சில் யார் குரல் எடுபடப்போகிறது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம்.

சோற்றையும் சொத்தையும் சேர்த்து யோசிப்பது நம் நீதிமன்றங்களுக்கு நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம். லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1869-இல் தந்த ஒரு தீர்ப்பில், இந்துக் குடும்பம் என்றால் உணவு, வழிபாடு, சொத்து மூன்றிலும் கூட்டாக இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று வகுத்தது. பிரிந்துவிட்டோம் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1866-இல், சென்னை மாகாணத்திலிருந்து போன அப்போவியர் எதிர் ராமசுப்பய்யன் வழக்கில் இன்னொரு படி தெளிவாயிற்று. நிலத்தைக் கல் நட்டு அளந்து பிரிக்காவிட்டாலும், இனி இன்னாருக்கு இத்தனை பங்கு என்று எழுதி ஒப்புக்கொண்டாலே கூட்டுக் குடும்பம் சட்டப்படி பிரிந்ததாகும்.

இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது அடுப்படி. தனியாகச் சமைக்கிறார்களே, அப்படியானால் பாகப்பிரிவினை ஆகிவிட்டதா? இந்தக் கேள்வி வழக்குக்கு வழக்கு எழுந்தது. பதில் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். மாமியார் மருமகள் சண்டை, பிள்ளைகள் பெருகியது, வேலைக்காக வெளியூர் போனது என்று உலை பிரிய ஆயிரம் காரணம் இருக்கலாம். அதை மட்டும் வைத்துச் சொத்து பிரிந்தது என்று சொல்ல முடியாது. சாப்பாடு ஒரு சாட்சி, ஆனால் பலவீனமான சாட்சி. வாய்தாவுக்கு வாய்தா, எந்த வருடம் யார் எந்த அடுப்பில் சமைத்தார்கள் என்று கிழவர்களைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்த வழக்குகளுக்குக் குறைவில்லை.

சமையல் வேறு, சொத்து ஒன்று என்ற ஏற்பாட்டை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதி நூலில் இதை வியந்து எழுதியிருக்கிறார். கல்யாணமான மகன் பெற்றோரோடு அதே வீட்டில் இருப்பான்; ஆனால் அவன் குடும்பத்துக்குத் தனிச் சமையல், வருடத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட படி. கணவனை இழந்த தாய்கூடத் தன் சமையலைத் தானே பார்த்துக்கொள்வாள். இதை அவர்கள் ‘வேறு வைத்தல்’ என்பார்கள். கோபத்தில் பிரிவது இதில் சேராது. கல்யாணத்தோடு வரும் ஒரு சடங்கு இது. அரிசி, பருப்பு, பாத்திரம், விறகு எல்லாம் கொடுத்து நடத்தி வைப்பார்கள். ஒரு தம்பதி ஒரு ‘புள்ளி’. கோயில் வரி முதல் ஊர்ப் பொதுச்செலவு வரை புள்ளிக் கணக்குத்தான்.

அந்த வீடுகளின் அமைப்பே இந்தச் சமையல் கணக்கைச் சொல்லும். முகப்பைத் தாண்டினால் வளவு, வளவைச் சுற்றி ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஒதுக்கிய அறைகள், பின்கட்டுகளில் சமையல். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு என்று பயணக் கட்டுரைகள் பாடும் பெருமையெல்லாம் முன்பக்கம். குடும்பம் எப்படி இயங்கியது என்று தெரிய வேண்டுமானால் பின்கட்டுக்குப் போக வேண்டும். ஒரு வீட்டில் பல அடுப்பு இருக்கும். வீடு ஒருவர் பெயரில் இல்லாமல் எல்லார் பெயரிலும் இருக்கும்.

பணம் வந்த வழி அடைபட்டதும் இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் தெரிந்தது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் சுமார் 6 சதவீதம், அங்கே கடன் கொடுத்துவந்த இந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர, 1938-இல் அது 25 சதவீதம் ஆயிற்று. நிலம் ஏறியது, காசு ஏறவில்லை. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது; பர்மா விடுதலைக்குப் பிறகு நிலங்கள் நாட்டுடைமையாயின. ஊரில் எழுந்து நின்ற மாளிகைகளுக்கு வெள்ளையடிக்கக்கூட வருமானம் போதவில்லை. தலைமுறை கூடக் கூட ஒரே வீட்டுக்குப் பங்குதாரர் பத்து, இருபது, ஐம்பது என்று பெருகினார்கள். எல்லாரும் சேர்ந்து விற்கவும் முடியாது, ஒருவர் மட்டும் பழுது பார்க்கவும் மனம் வராது. கடைசியில் வீடு தூண் தூணாகக் கழன்று விற்பனைக்குப் போனது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கதவு நிலை, ரவிவர்மா படம், பெல்ஜியம் கண்ணாடி இவற்றோடு அங்கே குவிந்து கிடப்பது சமையலறைச் சாமான்: ஸ்வீடன் எனாமல் அடுக்குகள், அரிசி அளக்கும் படி, பித்தளை அண்டா. ஒவ்வொன்றிலும் வீட்டு விலாசம் பொறித்திருக்கும். கோப்பையின் அடியில் இனிஷியலைப் பார்த்து, இது எந்த ஊர் யார் வீட்டுச் சாமான் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ‘செட்டிநாடு, தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதிகள்’ என்ற பெயரில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தப் பகுதி 2014-இல் சேர்ந்தது. அதற்குள் எத்தனையோ பின்கட்டுகள் இடிந்துவிட்டன.

செட்டிநாடு ஒரு முனை. நம்மில் பெரும்பாலோர் விற்கும் வீடு அப்படியொன்றும் மாளிகை அல்ல. அப்பா வருங்கால வைப்பு நிதியில் கடன் வாங்கிக் கட்டிய ஓட்டு வீடோ, எழுபதுகளின் மொட்டை மாடி வீடோ. பங்குதாரர் மூன்று பேர், நான்கு பேர். ஆனாலும் காலி செய்யும் வேலை ஒரே நாளில் முடிவதில்லை. பரணில் ஏறி இறங்க ஒரு வாரம், பத்திரம் தேட ஒரு வாரம், பாத்திரம் பிரிக்க ஒரு வாரம், காயலான் கடைக்காரரை வரவழைக்க ஒரு வாரம். எல்லாருக்கும் வேலை உண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டு. ஆகவே வார இறுதிகள்.

என்ன சாப்பிடுவது என்பதை இந்த வாரங்களில் நாக்கு தீர்மானிப்பதில்லை. எந்தப் பாத்திரம் இன்னும் வீட்டில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. பாத்திரங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் போவது அண்டா, குண்டான், உருளி, பெரிய தாம்பாளம். இவை அன்றாடம் தேவைப்படாதவை. எடைக்குப் போட்டால் காசு வரும். அடுத்து கிரைண்டரும் மிக்ஸியும் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போகும். அன்றோடு தோசையும் சட்னியும் முடிந்தது. பிரிட்ஜ் போன வாரம் மாவு, காய், பால் மூன்றும் கணக்கிலிருந்து கழிந்தன. பிறகு எவர்சில்வர்: டபரா, தூக்குவாளி, சம்படம், அடுக்கு. கடைசிவரை நிற்பது குக்கர், ஒரு வாணலி, ஒரு கரண்டி, டீ போட ஒரு பாத்திரம். இவற்றை யாரும் பங்கு கேட்பதில்லை. ஆகவே இவை நிலைத்திருக்கின்றன. குக்கரும் வாணலியும் மட்டும் இருக்கும் அடுப்படியில் ரவை உப்புமாவும் பருப்பு சாதமும் தவிர வேறென்ன செய்ய முடியும்?

ஆட்டுக்கல்லும் அம்மியும் வேறு கதை. யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், வாங்குகிறவருக்கும் வேண்டாம். தரையில் பதித்த உரல் என்றால் அது நிலத்தோடு சேர்ந்த பொருள்; கிரயத்தோடு அதுவும் கைமாறுகிறது. கொல்லையில் கவிழ்த்துப்போட்ட அம்மிகள் எத்தனை புது வீட்டுக்காரர்களுக்குத் துணி துவைக்கும் கல்லாகப் பயன்படுகின்றன என்பது தெருவில் நடந்து பார்த்தாலே தெரியும்.

பாத்திரம் பிரிக்கும் அந்த ஒரு வாரத்தைச் சற்று நின்று பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். கடையில் வாங்கும்போதே சிறு மின்கருவியால் புள்ளி புள்ளியாகப் பொறித்துத் தருவார்கள்: கொடுத்தவர் பெயர், ஊர், கல்யாணத் தேதி. அதனால் ஒரு சம்படத்தைத் திருப்பிப் பார்த்தால் அது யார் செய்த சீர் என்று தெரிந்துவிடும். இது வெறும் ஞாபகச் சமாசாரமாக நின்றுவிடுவதில்லை. பெண்ணுக்குக் கல்யாணத்தில் வந்த சீர் அவளுடைய சீதனம், அதில் கணவனுக்கோ மாமனார் மாமியாருக்கோ உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அம்மா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தால் அவள் பாத்திரங்களுக்கு மகன், மகள், இருந்தால் அப்பா என எல்லாருக்கும் சம உரிமை. ஆனால் எந்த வீட்டிலும் பித்தளைத் தவலைக்கு யாரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. “இது அம்மா சித்தி செஞ்ச சீர், அக்காவே வெச்சுக்கட்டும்” என்று யாரோ ஒருவர் வாயில் சோற்றோடு சொல்கிறார், விஷயம் முடிந்துவிடுகிறது. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினால் அரை நாள் இழுக்கும் பேச்சு அது.

பழைய பாத்திரத்தைப் பார்த்ததும் அதில் ஒருமுறை சமைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அங்கே ஓர் எச்சரிக்கை. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. புளியும் தயிரும் பட்டால் அவை சாப்பாட்டில் இறங்கும். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் உள்ளே ஈயம் பூசினார்கள். பல வருடம் பரணில் கிடந்த பாத்திரத்தில் பூச்சு தேய்ந்திருக்கும். அதில் சாம்பார் வைக்கக் கூடாது. ஈயச் சொம்பு இன்னும் மோசம். அது வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும்வரை பத்திரம், வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் சில நிமிடத்தில் அடி கழன்றுவிடும். அம்மா எந்தப் பொருளை எந்தப் பாத்திரத்தில் செய்தாள் என்பது இப்படி ஒரு வேதியியல் அறிவு. பாத்திரம் கைமாறும்போது அந்த அறிவு கூடவே போவதில்லை.

அடுப்பே இல்லாத வாரங்களுக்கு நம் ஊரில் பழைய பதில் ஒன்று உண்டு: கட்டுச்சோறு. யாத்திரைக்கும் மாட்டு வண்டிப் பயணத்துக்கும் கட்டிய சோறு இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. சோற்றை விரைவிரையாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, நல்லெண்ணெய் ஊற்றிப் புளிக்காய்ச்சல் கிளற வேண்டும். புளியின் அமிலமும் உப்பும் கிருமி பெருகுவதைத் தாமதப்படுத்துகின்றன. வாழையிலையைத் தணலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. சூட்டோடு கட்டினால் மட்டும் இலைக்குள் வேர்த்து, மதியத்துக்குள் சோறு நொந்துபோகும். தயிர் சாதத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பிசைந்தால், காலையில் கட்டியது மதியம் புளிக்காமல் பதமாக இருக்கும். இட்லிக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் இருபுறமும் தடவிவிட்டால் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம். தட்டு வேண்டாம், கழுவும் வேலையும் இல்லை. பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாட்டை எந்த ஓட்டலும் தர முடியாது.

காலி செய்யும் வீட்டில் பங்கு போட முடியாத ஒரே சொத்து அடுப்படியின் இருப்பு. ஜாடி அடியில் மிஞ்சிய நார்த்தங்காய், மணத்தக்காளி வத்தல், போன கோடையில் இட்ட வடகம், மில்லில் அரைத்து வந்த சாம்பார் பொடி. யாரும் இதை மூன்று சமபாகம் செய்து எடுத்துக்கொண்டு போவதில்லை. நான்கு வார இறுதிகளில் எல்லாரும் உட்கார்ந்து தீர்க்கிறார்கள். முதியவர்கள் வீட்டைச் சுருக்கும்போது பொருள்கள் எங்கே போகின்றன என்று அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டேவிட் எகெர்ட் பல ஆண்டு ஆராய்ந்து, 2020-இல் ஒரு நூலும் எழுதினார். கொடுப்பது, விற்பது, தானம் செய்வது, தூக்கிப்போடுவது என்று அவர் காட்டும் வழிகள் எல்லாமே பொருளை வீட்டுக்கு வெளியே அனுப்புகிற வழிகள். உணவு மட்டும் வீட்டுக்குள்ளேயே, எல்லார் வயிற்றிலும் சமமாகச் சேர்ந்து தீர்கிறது.

கனடாவின் மொன்றியால் நகரத்து முதியவர்களைப் பற்றி ழான்-செபாஸ்டியன் மார்கூ 2001-இல் எழுதிய ஓர் ஆய்வும் இங்கே பொருந்தும். அங்கே வீட்டைக் கலைப்பவர் முதியவரே. எந்தப் பொருள் எந்தப் பேரனுக்கு என்று உயிரோடு இருக்கும்போதே பார்த்துப் பார்த்துக் கொடுத்துவிட்டுச் சிறிய இடத்துக்கு மாறுகிறார். பெற்றுக்கொள்ள ஆள் கிடைப்பதே அவருக்குக் கௌரவம். நம் வழக்கத்தில் பெரும்பாலும் கருமாதி முடிந்து வருடாந்திரமும் கழிந்த பிறகுதான் வீட்டில் கை வைக்கிறார்கள். கொடுக்க வேண்டியவர் இல்லாத வீட்டில், எடுக்கிறவர்கள் தங்களுக்குள்ளேயே நியாயம் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால்தான் நம் வீடுகளில் அந்தச் சாப்பாட்டு வேளைக்கு இவ்வளவு கனம்.

சாப்பாடு நம்மிடையே ஒருபோதும் வெறும் சாப்பாடாக இருந்ததில்லை என்பதை அர்ஜுன் அப்பாதுரை 1981-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை விரிவாகக் காட்டியது. தமிழ்ப் பிராமண வீடுகளையும் கல்யாணப் பந்திகளையும் கோயில் பிரசாதத்தையும் வைத்து, யாருக்கு முதலில் இலை போடுகிறார்கள், யாருக்கு எவ்வளவு விழுகிறது, யார் கடைசியில் உட்காருகிறார்கள் என்பதில் குடும்பத்தின் முழு அதிகாரமும் அடங்கியிருக்கிறது என்றார். மற்றச் சாதிகளுக்கும் இது சற்றே முன்பின்னாகப் பொருந்தும். மாப்பிள்ளைக்கு முதல் இலை, மருமகளுக்குக் கடைசித் தட்டு. வீட்டைக் காலி செய்யும் நாள்களில் இந்த வரிசை கலைகிறது. மேஜை போய்விட்டது, தட்டு போதவில்லை, எல்லாரும் தரையில் பொட்டலத்தைப் பிரித்துவைத்துச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

கலைகிறது என்று சொன்னது பொட்டலச் சாப்பாட்டுக்குத்தான். ‘எல்லாரும் கடைசியா ஒருதரம் சேர்ந்திருக்கோம், நல்லா சமைச்சுச் சாப்பிடுவோம்’ என்று யாராவது ஆசைப்பட்டால் பழைய வரிசை அப்படியே திரும்பி வந்துவிடும். ஆசைப்படுகிறவர் ஒருவர், அடுப்பில் நிற்பவர் இன்னொருவர். இந்தியாவில் வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று 2019-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொன்னது. 2024-இல் அது 289, 88 என்று மாறியது. இரு தரப்புக்கும் ஏறக்குறைய பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, இடைவெளி அப்படியே. வார இறுதியில் இரண்டு வேளை முழுச் சமையல் என்றால், அக்காவும் அண்ணியும் அந்த நேரமெல்லாம் அடுப்படியில். அண்ணனும் தம்பியும் மாப்பிள்ளையும் கூடத்தில் புரோக்கரோடு விலை பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதில் அண்ணி சட்டப்படி வாரிசு அல்ல. அக்கா வாரிசு. அந்த அக்கா அந்தக் கூடத்துக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட காலம் கொஞ்சமல்ல. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் தனிச் சொத்தில் மகளுக்கும் பங்கு கொடுத்தது. ஆனால் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒரு தாழ்ப்பாளும் போட்டது. குடும்பத்தினர் முழுமையாகக் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு பிரித்துத் தரக் கேட்க முடியாது. அங்கே தங்குவதற்குக்கூட அவள் கல்யாணம் ஆகாதவளாகவோ, கணவன் கைவிட்டவளாகவோ, பிரிந்து வாழ்பவளாகவோ, கைம்பெண்ணாகவோ இருக்க வேண்டும். பங்கு உண்டு, கேட்கும் உரிமை இல்லை.

பூர்வீகச் சொத்தில் பிறப்பால் உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் கொடுத்தது; அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. மத்திய அரசின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தபோது அந்த வேறுபாடும் போனது, 23-ஆம் பிரிவும் நீங்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் வினீதா ஷர்மா வழக்கின் தீர்ப்பு தீர்த்தது: இருக்க வேண்டியதில்லை. ஆக, 1929 தீர்மானத்திலிருந்து 2005 திருத்தம்வரை, சட்டம் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வர எழுபத்தாறு வருடம் பிடித்தது. அந்த மகளை ‘உன் கைப் பக்குவம் மாதிரி வராது’ என்று ஒரு வாய் பாராட்டில் திரும்ப அடுப்படிக்கு அனுப்பிவிடலாம் என்பதுதான் விருந்துச் சமையலின் ஆபத்து. எளிய சாப்பாடு இங்கே சிக்கனமோ சோம்பலோ ஆகாது. எல்லாரும் பேச்சில் உட்கார அதுதான் வழிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் கணக்கு சற்று மாறும். அங்கே தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டப்படி வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போவது மரபு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விற்க வருகிறவர்களுக்கு அங்கே இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 1947-ஆம் ஆண்டின் முன்னுரிமைக் கொள்வனவுச் சட்டப்படி, காணியை வெளியாருக்கு விற்கும் முன் கூட்டுப் பங்காளிகளுக்கு முதல் வாய்ப்புத் தர வேண்டும். நம் வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவிலும், உடன்வாரிசு தன் பங்கை விற்கும்போது மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை என்று இதைப்போல ஓர் ஏற்பாடு இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. வீட்டை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு தங்கை சொல்ல நினைத்தால், அவள் அதைச் சொல்ல ஒரு வேளை வேண்டுமே.

சில நடைமுறைகள். சமையல் எரிவாயு இணைப்பை முதல் வாரத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். கடைசிவரை டீயாவது வேண்டும். ஒப்படைக்கும்போது சிலிண்டர், ரெகுலேட்டர், இணைப்புச் சான்று மூன்றையும் கொடுத்தால், அந்தச் சான்றில் எழுதியிருக்கும் வைப்புத்தொகைதான் திரும்ப வரும். 2022 ஜூனில் புது இணைப்புக்கு 1,450 ரூபாயாக இருந்த வைப்பு 2,200 ஆயிற்று என்பதற்காக, அப்பா அந்தக் காலத்தில் கட்டிய சொற்பத் தொகை கூடிவிடாது. தண்ணீரும் மின்சாரமும் பத்திரப்பதிவு நாள்வரை இருக்கட்டும். பழைய அரிசி, பருப்பு எல்லாவற்றையும் முதல் சனிக்கிழமையே வெளியே எடுத்துப் பார்த்து, வண்டு விழுந்ததைக் கொட்டிவிட்டு, மீதியை எந்தெந்த வாரம் சமைப்பது என்று குறித்துக்கொண்டால் கடைசி வாரம் மூட்டை தூக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று. யார் சாப்பாடு கொண்டுவருவது என்று முன்கூட்டியே முறை வையுங்கள். அந்த முறையில் அண்ணன் பெயரும் தம்பி பெயரும் இருக்கட்டும். புளிசாதம் கிளறத் தெரியாதவருக்கு மெஸ் தெரியும். பத்திரம், விலை, பங்கு பற்றிய பேச்சை, எல்லாரும் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு தொடங்குங்கள். அடுப்படியில் ஆள் இருக்கும்போது தொடங்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறவர் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பினால், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதையும் அப்போதே பேசிவிடலாம். வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயர் இருக்கிறதோ, சார்பதிவாளர் முன்னால் அத்தனை பேரின் கையெழுத்தும் கைரேகையும் வேண்டும், வர முடியாதவருக்கு அதிகாரம் பெற்றவரின் கையெழுத்தாவது வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாங்குகிறவருக்கு முழு வீடு கிடைக்காது. அந்தப் பங்கு கிரயத்துக்கு வெளியேதான் நிற்கும்.